நிற்கிற தண்ணீர்

அந்த அக்கா இருந்த இடத்தில் எந்தப் பாத்திரமும் வாய் மேலே பார்த்து இருந்ததில்லை. வாளி, பேசின், தேத்தண்ணி டம்ளர், சாம்பிள் தட்டு, சோப்பு வைக்கிற தகரக் கிண்ணம் எல்லாம் கவிழ்ந்தே கிடக்கும். காலையில் நான் சோதனை அறைக்கதவைத் திறந்தால், ஒரு கூட்டமே தலையைக் குப்புறப் போட்டுத் தூங்குவதுபோல் இருக்கும்.

தொழிற்சாலைப் பொறுப்பில் இருந்த பெக்டரி ஐயா ஒருநாள் பாதி குடித்த தேத்தண்ணியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு டெலிபோன் பேசப் போனார். திரும்பி வந்து பார்த்தால் டம்ளர் கழுவிக் கவிழ்த்து, அடியிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, நான் இன்னும் குடிச்சு முடிக்கலையே."

"ஆறிப்போச்சுங்க ஐயா."

"ஆறினா என்னா? குடிக்கிறவன் நான்தானே?"

"வேற போட்டுத் தாரேங்க" என்றார் அக்கா. போட்டுத் தரவில்லை. சீனி கூப்பனுக்குக் கிடைத்த காலம் அது. அந்த டம்ளரோடு ஐயாவின் அன்றைய சீனியும் போயிற்று.

இதைவிட மோசம் கோயிலுக்குப் பக்கத்து லயத்தில், தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளில், நடந்த ஒரு கல்யாணம். பந்திக்கு வரிசையாக டம்ளர்களில் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தார்கள். ஆட்கள் உட்காரத் தாமதமானது. அக்கா அந்தப் பக்கமாக நடந்து போனார், அவ்வளவுதான். ஒரு வரிசை முழுக்கக் கவிழ்ந்திருந்தது, தண்ணீர் பாயில். மாப்பிள்ளையின் மாமன் குதித்தார். அக்கா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நிக்கிற தண்ணி நம்மள சும்மா விடாதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, பாயைத் தூக்கி உதறப் போய்விட்டார்.

அந்த வாசகத்தை அவர் வாயிலிருந்து நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். சொல்லும்போது அதில் ஒரு அழுத்தமும் இருக்காது. மழை வருது என்று சொல்வதுபோல் அலுத்துப்போன குரலில் சொல்வார். அவர் எதைச் சொன்னாலும் அந்தக் குரல்தான். நான் தோட்டத்து வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்காது. ஆனால் எழும்பும்போது ஒரு பெருமூச்சு, உட்காரும்போது ஒன்று, பதில் சொல்வதற்கு முன் ஒன்று. உட்காருவதும் கவிழ்த்துப் போட்ட வாளியின்மேல்தான்.

இருபது வருஷம் மலையில் ரப்பர் பால் வெட்டியவர். பால் வெட்டுகிறவர்களுக்கு அது பழக்கம்: மரத்தில் கட்டிய சிரட்டையிலிருந்து பாலை வாளிக்கு ஊற்றி எடுத்ததும் சிரட்டையைக் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்க்காமல் போனால் எங்கள் கேகாலைப் பக்கத்து மழைக்கு ஒரு மணி நேரத்தில் நிரம்பிவிடும். அடுத்தநாள் பால் அந்தத் தண்ணீரில் விழுந்து திரிந்துபோகும். நிமிர்ந்திருந்தால் அந்த மரத்துக்கு ஆள் திரும்ப வரவேண்டும், கவிழ்ந்திருந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. கங்காணி தூரத்திலிருந்தே சிரட்டையைப் பார்த்துக் கணக்குப் பிடித்துவிடுவார்.

மற்றவர்கள் அந்தப் பழக்கத்தை மலையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள். அக்கா விடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு மழைநாளில் நிறைந்த பால் வாளியோடு சரிவில் விழுந்து முழங்கால் போனது. கேகாலை ஆஸ்பத்திரியில் மாதக் கணக்கில் இருந்துவிட்டு வந்தவரை, லேசான வேலைக்கு என்று எங்கள் சோதனை அறையில் போட்டார்கள். கூட்டுவது, துடைப்பது, அங்கிருந்த மெசினின் வடியை, அதாவது காற்று வடிகட்டியை, கழுவுவது. அந்த லேசான வேலைதான் அவருடைய பெயரைச் செக்ரோலில், தோட்டத்து ஆள் பதிவில், பிடித்து வைத்திருந்தது. பெயரை வெட்டினால் லயத்துக் காம்பரா என்கிற ஒற்றை அறையும் போய்விடும். காம்பராவில் எட்டாம் வகுப்புப் படிக்கிற ஒரு மகள் இருந்தாள். புருஷன் இல்லை. இதையெல்லாம் அவர் சொல்லித் தெரிந்துகொள்ளவில்லை. தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாருடையதும் தெரியும்.

இனி என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது இருபது வயது. வரக்காப்பொலவில் கடை வைத்திருந்தவரின் மகள். ஏ லெவலில் விஞ்ஞானம் படித்துப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு நூலிழையில் தவறியவள். ஆகவே எனக்கு எல்லாம் தெரியும். தோட்டம் அரசாங்கத்துக்குப் போன அடுத்த வருஷம், ரப்பர் ஸ்டோரில் சோதனை அறையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேவை என்றார்கள். ஸ்டோர் என்றால் தொழிற்சாலை. அப்பா யாரையோ பிடித்து என்னைச் சேர்த்துவிட்டார். நிரந்தரமாக்கப்படாத வேலை. தினமும் பஸ், பிறகு மேட்டில் நடை. அக்காவுக்கு நான் 'மிஸ்'.

அறையின் ராஜா அந்த மெசின். கம்பனிக்காரத் துரைமார் காலத்தில் கப்பலில் வந்தது. ரப்பர்த் துண்டுகளைச் சோதிப்பதற்கு முன் ஒருநாள் முழுக்க ஒரே குளிரில், ஒரே உலர்வில் வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சோதனை செல்லாது, வாங்குகிறவன் ஏற்கமாட்டான். அதற்காகச் சுவரோரம் ஒரு பெரிய தகரப் பெட்டி. லயத்தில் அதற்குக் காத்துப் பொட்டி என்று பெயர். வெளிக்காற்று முதலில் ஒரு வடியில் புகுந்து தூசியை விடும். பிறகு குளிர்ச் சுருளில் பட்டு, துணி பிழிந்ததுபோல் ஈரத்தைச் சொட்டும். அதன்பின் நாலு விரல் தள்ளி இருக்கும் வெந்நீர்ச் சுருளில் பட்டு இதமாகி அறைக்குள் வரும். வெந்நீர் வருவது கிரேப் என்கிற மெல்லிய ரப்பர்த் தாள்களை உலர்த்தும் மாடிக்குச் சூடு கொடுக்கிற பொய்லரிலிருந்து. இரண்டு சுருளும் செம்புக் குழாய்கள்.

இதை நான் அக்காவுக்குப் படம் போட்டு விளக்கினேன். கேட்டுக்கொண்டு வாளியில் உட்கார்ந்திருந்தார்.

"வெளங்குதா அக்கா?"

"குளிர வச்சு, அப்புறம் சூடு காட்டுது."

"அதேதான்."

"அப்ப மொதல்லயே சும்மா விட்டா என்னாங்க மிஸ்?"

நான் ஈரப்பதனைப் பற்றி இன்னும் அரைமணி நேரம் பேசினேன். அவர் இடையில் ஒரு தடவை என் சோக்கட்டிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்தார்.

மெசினோடு வந்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. நான் அதை நாவல் படிப்பதுபோல் படித்தேன். அதில் ஒரு முழு அத்தியாயம் குளிர்காலத்தைப் பற்றி: சுருள்கள் உறைந்துபோகாமல் காப்பது எப்படி என்று. எனக்குச் சிரிப்பு வந்தது. கேகாலையில் பனி எங்கே இருக்கிறது? காகிதமும் கிடைக்காத காலம். சாம்பிள் சுற்ற எதுவும் இல்லை. அந்த அத்தியாயத்தை மட்டும் பிளேடால் அழகாக அறுத்தெடுத்து அக்காவிடம் கொடுத்தேன்.

அக்கா ஒரு தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கொழாய் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிற மாதிரி படம் போட்டிருக்கே, மிஸ்."

"அது அவங்க நாட்டுல அக்கா. ஐஸ் மழை பெய்யிற நாடு."

"ஆகட்டும்" என்று சொல்லி அதிலேயே ஒரு துண்டு ரப்பரைச் சுற்றி, எங்களிடம் இருந்த மெல்லிய சாம்பிள் கம்பியால் கட்டினார்.

ஐஸ் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. மெசினுக்குப் பெல்ட் வாங்க நானும், முழங்காலுக்கு மருந்தெடுக்க அவரும் ஒரே பஸ்ஸில் கேகாலைக்குப் போனோம். வெயில். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு கூல்பாரில் ஐஸ் போட்ட சர்பத் வாங்கிக் கொடுத்தேன். அவர் சர்பத்தைக் குடித்துவிட்டு, ஐஸ் கட்டிகளோடு டம்ளரை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம். பிறகு டம்ளருக்குக் கீழே இருந்து தண்ணீர் கிளம்பி, மேசையில் கிடந்த முதலாளியின் பேப்பர் முழுக்க நனைந்தது. அவர் சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். அக்கா அவரைவிடச் சரளமான சிங்களத்தில், களைத்த குரலில், "கல்லாக இருக்கும்போது நனைக்கவில்லையே முதலாளி, இப்போதுதானே நனைக்கிறது" என்றார். முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். அதில் சிரிப்பதற்கு மேல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

எங்களுக்குள் சண்டை வந்தது வெந்நீர்ச் சுருளால். பின்னேரம் கிரேப் வேலை முடிந்தால் பொய்லரை அணைத்துவிடுவார்கள். சுருளுக்குள் இருக்கிற தண்ணீர் ஓடாமல் நிற்கும். குளிர் மெசின் மட்டும் இராப்பகலாக ஓடிக்கொண்டிருக்கும். அக்கா வீட்டுக்குப் போகுமுன் பெட்டிக்குக் கீழே குனிந்து, அந்தக் காலோடு, ஒரு சின்னக் குழாயைத் திறந்து சுருளில் நின்ற தண்ணீரையெல்லாம் வாளியில் வடித்துக் கொட்டுவார். பிறகு வாளியைக் கவிழ்ப்பார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அங்கே ஒரு குழாய் இருப்பதையே அவர்தான் துடைக்கும்போது கண்டுபிடித்திருந்தார்.

காலையில் பொய்லர் மூட்டினால் வெறும் சுருளுக்குள் காற்று அடைத்துக்கொள்ளும். வெந்நீர் ஓட ஒரு மணி நேரம் பிடிக்கும். அறை சூடு ஏற எனக்குப் பத்து மணியாகிவிடும்.

"அக்கா, இந்தக் குழாயத் தொறக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நிக்கிற தண்ணி மிஸ்."

"நிக்கட்டும். மூடின குழாய்க்குள்ள ஈ விழுமா, நுளம்பு முட்டை போடுமா?"

அவர் யோசித்தார். "தெரியாதுங்க. போட்டாலும் போடும்."

அன்று பின்னேரமும் திறந்தார். மறுநாளும். மூன்றாம் நாள் சாம்பிள் கம்பியில் ஒரு துண்டு வெட்டி, அந்தக் குழாயின் பிடியைச் சுற்றி முறுக்கிக் கட்டிவிட்டேன். அக்கா அதைப் பார்த்தார். ஒரு பெருமூச்சு விட்டார். "ஆகட்டும்" என்றார். குனிய வேண்டியதில்லை என்று அந்தக் காலுக்கு ஆறுதலாகக்கூட இருந்திருக்கலாம். அதன்பின் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த மூலையைப் பார்க்காமல் போவார், கோபித்துக்கொண்ட சொந்தக்காரர் வீட்டைக் கடப்பதுபோல.

இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ரப்பர் வாங்குகிறவர்கள் திங்கட்கிழமை வருவதாகச் செய்தி வந்தது. வெளிநாட்டுக்காரர் ஒருவரும் கூட. பெக்டரி ஐயா அறையை வந்து பார்த்துவிட்டு, "மிஸ், திங்கக்கெழம வரைக்கும் இந்த முள்ளு இப்பிடியே நிக்கணும்" என்று வெப்பமானியைத் தொட்டுக் காட்டினார். எனக்கு உற்சாகம் தலைக்கேறியது. முள் அசையாமல் இருக்க என்னென்ன செய்யலாம் என்று பட்டியல் போட்டேன்.

சனிக்கிழமை வடி கழுவுகிற நாள். வடியைக் கழற்றினால் அரைமணி நேரம் பெட்டி திறந்திருக்கும், வெளிக்காற்று புகுந்து முள் ஏறும். அக்கா வாளியோடு வந்து நின்றார்.

"இந்த வாரம் வடியத் தொறக்க வேணாம் அக்கா."

"கரி அப்பியிருக்கும் மிஸ். பொய்லர் பொகக் கூட்டுக் காத்து இந்தப் பக்கந்தான் அடிக்குது."

"ஒரு வாரத்துல ஒன்னும் ஆகாது. திங்கக்கெழம அவங்க போனதும் கழுவுங்க."

அவர் வாளியைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அன்று மத்தியானம் மெசின் தானாக நின்றது. குளிர்ச் சுருளுக்கு முன்னால் ஒரு நீளமான மெல்லிய குழல் வளைந்து வளைந்து ஓடும். அதன் நுனியில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. காற்று அளவுக்கு மீறிக் குளிர்ந்தால் அது டக்கென்று மெசினை நிறுத்திவிடும். நான் பட்டனை அமுக்கி ஓடவிட்டேன். ஒரு மணி நேரத்தில் மறுபடி டக். மறுபடி அமுக்கினேன். மறுபடி டக். முள் ஏறத் தொடங்கியது.

எனக்குப் புத்தகம் ஞாபகம் வந்தது. இந்தப் பெட்டி எதற்கு என்பதைக் குளிர்கால அத்தியாயத்தில்தான் சொல்லியிருந்தார்கள். அப்படியானால் இது பனிநாட்டுக்கு வைத்தது. நமக்குத் தேவையில்லாத ஒன்று இங்கே வந்து உட்கார்ந்துகொண்டு தொல்லை கொடுக்கிறது. அவ்வளவு தெளிவாக எனக்கு வேறெதுவும் தெரிந்ததில்லை. மெயின் சுவிட்சை நிறுத்தி, சாம்பிள் கம்பியில் இன்னொரு துண்டு வெட்டி, அந்தப் பெட்டியால் மெசினை நிறுத்த முடியாதபடி அதன் இரண்டு திருகாணிகளையும் இணைத்தேன். சுவிட்சைப் போட்டதும் மெசின் ஓடியது. நிற்கவே இல்லை. முள் இறங்கி, சொன்ன இடத்தில் நின்றது. பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனேன்.

திங்கள் காலை கதவைத் திறந்தபோது அறை வெளியைவிடப் புழுக்கமாக இருந்தது. மெசின் ஓடுகிற சத்தம் கேட்டது, காற்று மட்டும் வரவில்லை. அக்கா வாசலிலேயே நின்று, "ஏதோ அடைச்சிருக்கு" என்றார். பெக்டரி ஐயா ஓடிப்போய்ப் பட்டறை பாஸைக் கூட்டி வந்தார். பாஸ் என்றால் மெக்கானிக். எங்கள் பாஸ் சிங்களவர், வயதானவர், எதற்கும் பதறாதவர். மூடியைக் கழற்றினார். உள்ளே சுருள் இல்லை. ஒரு வெள்ளைப் பாறை இருந்தது.

"மொகத மே?" என்றார் பாஸ். இது என்ன என்று தன்னையே கேட்டுக்கொண்டார். விரலால் தொட்டுவிட்டுக் கையை உதறினார். கரி அப்பிய வடியில் காற்று புகாமல், குளிர் முழுவதும் சுருளிலேயே தேங்கி, ஐஸ் கட்டிக் கட்டி நாலு விரல் இடைவெளியையும் தாண்டி, வெந்நீர்ச் சுருளின் அடிப்பாகத்தையும் விழுங்கியிருந்தது.

மெசினை நிறுத்தினோம். ஐஸ் உருகத் தொடங்கியது. குழாயில் ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. எனக்கு உயிர் வந்தது. அறையைச் சீக்கிரம் சரிசெய்ய வேண்டுமே என்று பொய்லர்க்காரரிடம் வெந்நீரைத் திறக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கடைசி ஐஸ் துண்டு கழன்று விழுந்ததும், கீழ் வளைவிலிருந்து வெந்நீர் ஊசிபோல் பீறிட்டது. பிறகு பக்கத்து வளைவிலிருந்தும். செம்புக் குழாய் நீளவாக்கில் வாயைப் பிளந்திருந்தது. அறுபட்ட அந்தத் தாளில் இருந்த படம் அப்படியே.

தண்ணீர் உறையும்போது பருக்கும். எட்டாம் வகுப்புப் பாடம். அக்காவின் மகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். கல்லாக இருக்கும்வரை அதுவே அடைப்பு, உருகிய பிறகுதான் கிழிசல் தெரியும்.

சாம்பிள் தட்டுகள் நனைந்தன. வந்தவர்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, மரியாதையாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். புதுச் சுருள் வாங்க வெளிநாட்டுக்கு எழுத முடியாது, இறக்குமதி இல்லை. அந்தக் கலவரத்தில் நான் செய்த முதல் வேலை, யாரும் பார்க்காமல் அந்தச் சின்னப் பெட்டியிலிருந்த கம்பியைக் கழற்றி என் கைப்பைக்குள் போட்டது.

மத்தியானம் பெக்டரி ஐயா அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தினார். நான் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தேன்.

"வடியக் கழுவுனியா?"

"இல்லைங்க."

"ஏன்?"

"கழுவலைங்க."

"தெனமும் அந்தக் கீழ்க் குழாயத் தொறந்து விடுறதா பாஸ் சொல்றாரே. அதத் தொறந்து விட்டிருந்தா கூட இது தப்பிச்சிருக்குமாம். அதாவது செஞ்சியா?"

"இல்லைங்க."

"தோ பாரு, மேல கேக்கிறாங்க. கவனயீனம்னு எழுதினா நீ திரும்ப மலைக்குத்தான் போவணும். தெரியுமில்ல?"

"தெரியுங்க."

"மலைக்குப் போக முடியலேன்னா பேரு?"

அக்கா ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். என்னைப் பார்க்கவே இல்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. ஐயா என் பக்கம் திரும்பி, "மிஸ், நீங்கதான் இங்கிலீஷ் எழுதுவீங்க. ரிப்போர்ட்ட டைப் பண்ணுங்க. அவ கைநாட்டையும் வாங்கிடுங்க" என்றார்.

அவர் போனதும் நான் கேட்டேன்: "அக்கா, நான்தானே கழுவ வேணாம்னு சொன்னேன். ஏன் சொல்லலை?"

"சொன்னா ஒங்களக் கேப்பாங்க. நீங்க இங்கிலீசுல பதில் சொல்லுவீங்க. அவரு திரும்பக் கேப்பாரு. அது முடியிற வரைக்கும் நான் நிக்கணும்." முழங்காலைப் பிடித்துக்கொண்டு வாளியில் உட்கார்ந்தார். "முடியலைங்க மிஸ்."

இதை நான் பெருந்தன்மை என்று எழுதிவிடலாம். அது பெருந்தன்மை இல்லை. அவருக்குக் கால் வலித்தது.

ரிப்போர்ட் எழுதுவதற்குமுன் எனக்கு அந்த அத்தியாயம் வேண்டியிருந்தது. நனைந்த சாம்பிள்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். தாள் கிழிந்து கிழிந்து வந்தது. ஏழாவதோ எட்டாவதோ பொட்டலத்தில் நான் தேடிய பக்கம் இருந்தது. வெந்நீர் ஓடாமல் நிற்கும் நேரங்களில் சுருளின் தண்ணீரைக் கீழ்க் குழாய் வழியாக முழுவதும் வடித்துவிட வேண்டும், ஒரு வளைவில் மிஞ்சினாலும் ஆபத்து என்று இருந்தது. வடியைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். குளிர் மிஞ்சினால் மெசினை நிறுத்துகிற அந்தச் சின்னப் பெட்டியை எந்தக் காரணத்துக்காகவும் இணைத்துவிடக் கூடாது. அந்தப் பக்கத்தில் சொன்ன மூன்றில் இரண்டை, எழுத்தே தெரியாத ஒருவர் வாராவாரமும் தினந்தோறும் செய்துகொண்டிருந்தார். இரண்டையும் நிறுத்தியவள் நான். செய்யக் கூடாத மூன்றாவதைச் செய்தவளும் நானே.

தெரிந்துகொண்டுதான் அந்த ரிப்போர்ட்டை டைப் பண்ணினேன். நல்ல ஆங்கிலம். ஒரு பொய்கூட இல்லை.

மறுநாள் மத்தியானம் அதை அக்காவிடம் நீட்டினேன். மைப்பெட்டியைத் திறந்து வைத்தேன்.

"என்னா எழுதியிருக்குன்னு வாசிங்களேன் மிஸ்."

தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். வடியை ஒரு வாரத்துக்கு மேலாக வேலையாள் கழுவவில்லை.

"நெசந்தான்."

அதனால் காற்று அடைபட்டு ஐஸ் பிடித்தது.

"அதுவும் நெசந்தான் போல."

வழக்கமாகத் தண்ணீரை வடித்துவிடும் வேலையாள் அண்மைக்காலமாக அதைச் செய்யவில்லை. ஆகவே சுருள் வெடித்தது.

அக்கா மைப்பெட்டியைப் பார்த்தார். "கொழாய்க்கு ஒரு கம்பி கட்டுனீங்க. அப்புறம் அந்தச் சின்னப் பொட்டிக்கு ஒரு கம்பி கட்டுனீங்க. ஞாயித்துக்கெழம தொடைக்க வந்தப்ப பாத்தேன். ரெண்டும் நம்ம சாம்பிள் கம்பிதான்." குரலில் குற்றச்சாட்டு ஒன்றும் இல்லை. சிரட்டை எண்ணுவதுபோல் சொன்னார். "தாள்ல எடம் பத்தலையோ?"

நான் தாளின் ஓரத்தை நேராக்கினேன்.

"சரி, எங்க வைக்கணும்? சொல்லுங்க" என்று பெருவிரலை நீட்டினார்.

அந்த விரல் மைக்கு மேலே நின்றது. அவர் சலித்துப்போய்விட்டார், எனக்காகக் காத்திருக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. இன்னும் ஒரு நொடி விட்டிருந்தால் வைத்திருப்பார். நான் தாளை இழுத்துக்கொண்டேன்.

புது ரிப்போர்ட் அரைப் பக்கம்தான். கழுவ வேண்டாம் என்று சொன்னது யார், குழாயைக் கட்டியது யார், சின்னப் பெட்டியை இணைத்தது யார் என்று மூன்றே வரி. மூன்றிலும் என் பெயர். கைப்பையிலிருந்த கம்பியைத் தாளோடு குண்டூசியால் குத்தி வைத்தேன். பெக்டரி ஐயா வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது ஒங்களுக்கு எதுக்கு மிஸ்? அவளுக்குன்னா மலையிலயாவது ஒரு வேல இருக்கு. ஒங்களுக்கு இங்க என்னா இருக்கு?"

"அவங்களால ஏற முடியாது ஐயா."

"அது தெரியுது" என்றார். அவரும் களைத்துப்போயிருந்தார். அந்த வருஷம் எல்லாரும் களைத்துத்தான் இருந்தோம். தாளை அவர் கிழிக்கவில்லை. மேலே அனுப்பினார்.

பதில் வர மூன்று வாரமானது. அதற்குள் பாஸ் கிழிந்த வளைவுகளை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தைப் பற்றவைத்து, சுருளை அரைகுறையாக உயிர்ப்பித்தார். குழாயில் கட்டியிருந்த கம்பியை நானே கழற்றினேன். அன்று பின்னேரம் அக்கா வழக்கம்போல் குனிந்து தண்ணீரை வடித்துவிட்டு, வாளியைக் கவிழ்த்துவிட்டுப் போனார். நன்றி என்றோ, பரவாயில்லை என்றோ ஒரு சொல் இல்லை. எனக்கு அது உறுத்தியது. நான் ஏதோ ஒன்றை எதிர்பார்த்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

"அக்கா, எம் மேல கோவமா?"

"கோவப்படறதுக்கெல்லாம் எங்க மிஸ் நேரம்" என்றார். "மகளுக்குப் பரீட்சை வருது."

கடிதம் வந்தது. சோதனை அறை வேலையாள் அதே வேலையில் தொடரலாம். உதவியாளர் மாத முடிவோடு நின்றுகொள்ள வேண்டும். வீட்டில் அப்பா கடிதத்தை வாசித்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். மறுநாள், "சும்மா இருந்திருக்கலாமே புள்ள" என்றார்.

கடைசி நாள். புத்தகத்தில் அறுத்த பக்கங்களைக் கிடைத்த மட்டும் இஸ்திரி போட்டு, பசை தடவி, பழைய இடத்தில் ஒட்டி வைத்தேன். அடுத்து வருகிறவர்களுக்கு ஆகுமே என்று. அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்தார். அன்றைக்குச் சீனி போட்டிருந்தது. எங்கிருந்து எடுத்தாரோ. பாதி குடித்தேன். சாவிக் கொத்தை ஒப்படைக்க பெக்டரி ஐயா கூப்பிட்டார். போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு, கைப்பையை எடுக்கத் திரும்பி வந்தேன்.

அக்கா இல்லை. வடி கழுவத் தண்ணீர்ப் பீலிப் பக்கம் போயிருந்தார். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது.

ஜன்னலில் என் டம்ளர் கழுவிக் கவிழ்ந்திருந்தது. நான் அதை நிமிர்த்தவில்லை.